கல்லறைக்கு வராத துண்டு

கணவரை இழந்த அந்தப் பெண்மணியைப் பற்றி எங்கள் மருத்துவமனை ஆய்வகத்தில் பல கதைகள் உலவுகின்றன. அவருக்கு இன்னுமோர் அநீதி நேரக்கூடாது என்பதால், எழுத்தரான நான் கண்டதையும் கேட்டதையும் மட்டுமே எழுதுகிறேன்.

திங்கட்கிழமைதோறும் இரணியலிலிருந்து வருவார். ஒட்டிய கன்னம், மடியில் மடித்த வெள்ளைத் துணி. அறுவைச் சிகிச்சையில் இறந்த கணவரின் இதயத்திலிருந்து வெட்டியெடுத்த துண்டையும் அந்தத் துணியில் பொதிந்து கல்லறையில் அடக்கவேண்டும் என்பதே அவர் கோரிக்கை.

“லேசர் வெளிச்சத்துல செத்த தசை எது, உயிருள்ள தசை எதுன்னு பிரிஞ்சு தெரியுதும்மா. எங்க ஆராய்ச்சிக்குப் பெரிய உதவி,” என்றார் ஆய்வாளர்.

“எனக்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியளா சாரே?”

“அவரே கையெழுத்துப் போட்டிருக்காரு.”

நான் படிவத்தை நீட்டினேன்.

“இங்க கொண்டுவரும்போதே மயங்கிக் கெடந்தவரு எப்படிப் போட்டாரு? அந்த வெளிச்சத்த இந்தக் கையெழுத்துக்க மேலயும் அடிச்சுப் பாருங்க.”

நான் படிவத்தை மடித்துக் கோப்புக்குள் திரும்ப வைத்தேன். அதை நினைக்குந்தோறும் என்மீதே சினம் மூள்கிறது. கையெழுத்திட்டவர் யார், துண்டு எங்கே என்பவை இன்றுவரை எனக்குத் தெரியா.