லிஃப்ட்காரர் மகள் இறங்கிய படிகள்

பதினோரு மாடி அலுவலகக் கட்டடத்தில் அவர் லிஃப்ட் ஓட்டினார். இருபத்திரண்டு வருடம். முக்காலியில் உட்கார்ந்தபடியே அவர் ஏறிய உயரத்தையெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் நிலாவைத் தொட்டு, அங்கே ஒரு வாய் தண்ணீரும் குடித்துவிட்டுத் திரும்பி வரலாம். அதிகமாகத் தோன்றினால் பாதியைக் கழித்துக்கொள்ளுங்கள். அப்போதும் மேகம் இடிக்கும். கட்டடத்தில் அவருக்கு 'மேலகீழ' என்று பெயர். "மேலகீழ, அஞ்சாவது போப்பா" என்பார்கள். அவர் போவார்.

இத்தனை உயரம் பார்த்த மனிதருக்கு வாய்த்த வாடகை வீடோ லிஃப்ட் இல்லாத குடியிருப்பின் மூன்றாவது மாடி. ஐம்பத்து நான்கு படிகள்.

ஒரே மகள், ஒன்பது வயது. தசைச் சிதைவு நோய். பெண்பிள்ளைக்கெல்லாம் அது வராது என்று அடித்துச் சொன்ன உறவுக்காரர்கள் உண்டு. வருகிற வகையும் இருக்கிறது, இவளுக்கு வந்திருந்தது. தரையிலிருந்து எழுந்தால் இரண்டு கையையும் தொடையில் ஊன்றி ஊன்றி, தன் உடம்பின் மேலேயே ஏறுவதுபோல எழுவாள். இடுப்பை அசைத்து நடக்கும் நடைக்குப் பள்ளியில் வைத்த பெயர் வாத்து. அவள் அழவில்லை. "வாத்துக்கு நீச்சல் தெரியும், உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டுவிட்டு, நோட்டு அட்டையிலும் அந்தப் பெயரையே எழுதிக்கொண்டாள். வீட்டிலும் அதுவே நிலைத்தது.

ஆஸ்பத்திரியில் பயிற்சி சொல்லிக்கொடுக்கும் மேடம் ஆரம்பத்திலேயே விளக்கியிருந்தார். தசையைச் சும்மாவும் போடக்கூடாது, வதைக்கவும் கூடாது. தினமும் குதிகாலை உள்ளங்கையில் ஏந்தி, பாதத்தை மெல்ல முழங்கால் பக்கம் தள்ளி, முப்பது எண்ணும்வரை பிடிக்க வேண்டும். வாரம் ஒருமுறை தண்ணீரில் இறக்கி நடக்கவிடலாம். மறுநாள் வலித்தால் முதல்நாள் செய்தது அதிகம் என்று அர்த்தம். மாடிப்படி ஏறவிடாதீர்கள் என்றும் சொன்னார். இன்னும் சில வருடத்தில் சக்கர நாற்காலி தேவைப்படலாம் என்பதையும் அப்போதே சொல்லிவிட்டார்.

மற்றதெல்லாம் அப்பாவுக்கு ஏறியது. கடைசி வாக்கியம் மட்டும் உள்ளே போகாமல் வாசலிலேயே நின்றது. மகள் காலையில் தன் காலால் நடந்து பள்ளி வேனில் ஏற வேண்டும். அவருக்கு அது ஒன்று போதும்.

"ஏறத்தானே கூடாதுன்னாங்க? சாயங்காலம் நான் முதுகுல தூக்கிட்டு வந்துடறேன். காலையில அவளே இறங்கட்டும். காலுக்குப் பயிற்சியும் ஆச்சு" என்றார் மனைவியிடம்.

"இறங்கறதும் படிதானேங்க?"

"இறங்கறதுல என்ன இருக்கு? பூமியே இழுத்துக்கும். லிஃப்ட்ல பாரு, இறங்கும்போதுதான் எனக்குக் கொட்டாவி வரும்."

"உங்களுக்கு ஏறும்போதும்தான் வருது" என்றாள் அவள். ஆனாலும் தடுக்கவில்லை. ஆசை அவளுக்கும் இருந்தது.

ஐந்து மாதம் மகள் இறங்கினாள். கைப்பிடியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு, பக்கவாட்டில், ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து இறங்குவாள். அவர் இரண்டு படி கீழே நின்று, கோழி பிடிக்கிறவர்போலக் கையை விரித்துக்கொண்டு பின்னோக்கியே இறங்குவார். சாயங்காலம் அவள் கெண்டைக்கால் கல்லாக இருக்கும். "உரம் ஏறுதுடி" என்று அவர் தட்டிக்கொடுத்தார். சந்தோஷமாகவே சொன்னார்.

வழக்கமான பரிசோதனைக்குப் போனபோது மேடம் அவளை எழச் சொன்னார், நடக்கச் சொன்னார், கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டார். பிறகு பழைய தாளையும் புதிய தாளையும் அருகருகே வைத்தார். எழுவதற்கும் நடப்பதற்கும் ஆன நேரம் நிறையவே கூடியிருந்தது.

"வாத்து, வீட்டுல தினமும் என்னென்ன செய்யறே?"

"காலை நீட்டறது. அப்புறம் அம்பத்தி நாலு படி. நானே இறங்கிடுவேன்!"

மேடம் பேனாவை மூடினார்.

"யாரு இறங்கச் சொன்னது?"

மனைவி சுவரில் இருந்த எலும்புக்கூட்டுப் படத்தைப் பார்த்தாள்.

"நான்தான் மேடம். ஏறத்தானே கூடாதுன்னு…"

"ஏறினா இவளுக்கு மூச்சு வாங்கும், களைச்சுப் போவா. இறங்கறது அதைவிட மோசம். இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகிட்டே உடம்போட பாரத்தைத் தாங்கணும். நமக்கு அது ஒண்ணுமில்ல. இவ தசை அதுலதான் கிழியும். நான் ரெண்டையும் சேர்த்துச் சொல்லியிருக்கணும்."

"அதனாலதான் இப்படி ஆச்சா?" என்று கேட்டார் அப்பா.

"நோய் தன் போக்குல போய்க்கிட்டுத்தான் இருக்கு. எது அதால, எது படியாலன்னு பிரிச்சுச் சொல்ல யாராலயும் முடியாது."

அவர் தலையாட்டினார். நன்றி சொன்னார். நாற்காலியை எடுத்து ஒழுங்காக இடத்தில் போட்டார். நெஞ்சில் ஏதாவது வரும் என்று பார்த்தார், ஒன்றும் வரவில்லை. மரத்துப்போன பல்லை நாக்கால் தொட்டுப் பார்ப்பதுபோல இருந்தது.

மதியம் வேலைக்குப் போனார். நான்காவது மாடி கேட்டவரை எட்டாவதில் இறக்கினார். "என்ன மேலகீழ, இன்னிக்கு மேல மட்டுந்தானா?" என்று இறங்கியவர் சிரித்தார். பெட்டி காலியாகக் கீழே வந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் மெக்கானிக் ஒருவர் சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது: காலிப் பெட்டி கீழே வர வேண்டுமானால் மோட்டார் கம்பிவடத்தின் மறுமுனையில் தொங்கும் இரும்புப் பாரத்தை மேலே இழுத்தாக வேண்டும், சும்மா இறங்குகிற லிஃப்ட் உலகத்திலேயே கிடையாது. இருபத்திரண்டு வருடம் அதன் மேலேயே உட்கார்ந்திருந்தார். கதவு திறந்தது. யாரும் இல்லை. மூடினார்.

வீடு திரும்பியதும் மகளைப் பாயில் படுக்கவைத்துக் குதிகாலைக் கையில் ஏந்தினார். மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவர் மனதுக்குள் எண்ணத் தொடங்கினார்.

"நாளையிலிருந்து நீ இறங்க வேண்டாம். நான் தூக்கிட்டு வரேன்."

"வேன் வரைக்குமா?"

"வேன் வரைக்கும்."

"எல்லாரும் பார்ப்பாங்களே."

"பார்க்கட்டும். அப்பா சொன்னது தப்பு. உன்னை இறங்க வெச்சிருக்கக் கூடாது."

அவள் மேற்கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"எனக்கு இறங்கவே பிடிக்காதுப்பா. வலிக்கும். உனக்கு ரொம்பப் பிடிச்சிருந்துச்சு. அதான் இறங்கினேன்."

மனைவி மடித்த துணியையே பிரித்து மறுபடி மடித்தாள். அவர் கை அசையாமல் இருந்தது.

"அப்பா, எண்ணறியா இல்லையா?"

"விட்டுட்டேன்டா."

"நான் எண்ணிட்டுத்தான் இருக்கேன். இருபத்தி நாலு."

"இருபத்தஞ்சு" என்றார் அவர்.