உருண்டுகொண்டே இருந்த படம்

எண்பதுகளின் நடுவில் திருச்செங்கோட்டில் எங்கள் தெருவிலேயே கம்ப்யூட்டர் இருந்தது எங்கள் வீட்டில் மட்டும்தான். பெருமைக்கு வாங்கியதல்ல. என் கணவர் ரிக் லாரியில் ஊர் ஊராகப் போய் போர்வெல் போடும் டிரில்லர். வடக்கே ஏதோ ஓர் ஊரில் துளையிடும் இரும்பு ராடு மாட்டும்போது வலது கை நசுங்கி, சேலம் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வந்திருந்தார். எலும்பு கூடிவிட்டது; விரல்கள்தான் மடங்கவில்லை. தினமும் அசைத்துப் பழகாவிட்டால் அப்படியே விறைத்துவிடும், பிறகு ரிக்கில் லீவர் பிடிப்பதை மறந்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். அமுக்கிப் பழக ஒரு ரப்பர் பந்தையும் கொடுத்தார்.

இவர் அதைத் தொட்டால்தானே! "நானென்ன கைக்கொழந்தையா, பந்து வெச்சு வெளையாடறதுக்கு?" என்று முறைப்பார். இடது கையில் ஸ்பூன் பிடித்துச் சாப்பிட்டுவிட்டு, கட்டிலில் மோட்டுவளையைப் பார்த்தபடி கிடப்பார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும். பயமும்தான். அந்தக் கையை நம்பித்தான் எங்கள் குடும்பம் இருந்தது.

கப்பலில் வேலை பார்த்த என் தம்பி லீவில் வந்து இந்தக் கோலத்தைப் பார்த்தான். அமெரிக்கத் துறைமுகம் ஒன்றில் தனக்கென்று வாங்கிய சின்னக் கம்ப்யூட்டரை எங்களிடம் விட்டுவிட்டுப் போனான். டைப்ரைட்டர் மாதிரி பொத்தான்கள், வோல்டேஜைக் குறைக்க ஒரு கனத்த பெட்டி, டிவியில் செருக ஒரு வயர். வானத்திலிருந்து விழும் கற்களைச் சுட்டுத் தள்ளும் விளையாட்டு அதில் இருந்தது. "மாமா இத ஆடுனாப் போதும்க்கா, வெரல் தானா வேல செய்யும்" என்றான்.

ஆடுவதற்குப் படம் நிற்க வேண்டுமே! எங்கள் கறுப்பு வெள்ளை டிவியில் அந்தப் படம் கீழிருந்து மேலாக உருண்டுகொண்டே இருந்தது. நான் மொட்டை மாடிக்கு ஏறி வெயிலில் நின்று ஆண்டெனாவை எல்லாத் திசைக்கும் திருப்பினேன். இறங்கி வந்த பிறகுதான், ஆண்டெனா வயரைக் கழற்றிவிட்டுத்தானே கம்ப்யூட்டர் வயரைச் செருகினோம் என்பது உறைத்தது. அவர் விபத்துக்குப் பிறகு முதல்முறையாக வாய்விட்டுச் சிரித்தார். என்னைப் பார்த்துத்தான் சிரித்தார் என்றாலும் எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது.

அடுத்து ஸ்டெபிலைசரை மாற்றினோம். கரண்டை இழுப்பதாகப் பக்கத்து வீட்டு விசைத்தறிகள் மேல் பழி போட்டோம். தறி நின்ற பிறகும் படம் உருண்டது. கடைசியில் டிவிக்குப் பின்னால் புளியங்கொட்டை அளவில் ஒரு திருகு இருப்பதைக் கண்டுபிடித்தேன். அதைத் திருப்பினால் படம் மெதுவானது. ஆனால் பின்னால் நிற்கும் எனக்குத் திரை தெரியவில்லை. "போதும், போதும்... அட, போச்சு!" என்று அவர் கட்டிலிலிருந்து கத்த, "அத்தன தெரிஞ்சா நீங்களே வந்து திருப்புங்க!" என்று நானும் கத்தினேன்.

வீம்புக்கு எழுந்து வந்தார். டிவியின் ஒரு பக்கம் சுவர். மறுபக்கம் நின்று, முகத்தைத் திரைப்பக்கம் வைத்துக்கொண்டு பின்னால் கையை விட்டால் வலது கைதான் போகும். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் நடுங்க நடுங்க அதைப் பிடித்தார். வலியில் உதட்டைக் கடித்தார். படம் நின்றது.

"புடிச்சுட்டன். நீ ஆடு புள்ள!"

அன்றிலிருந்து சாயங்காலமானால் நான் ஆடுவேன், அவர் படத்தைப் பிடிப்பார். டிவி சூடானால் மறுபடி உருளும். மயிரிழை திருப்ப வேண்டும். விளையாட்டுப் பொத்தானை அவர் தொட்டதே இல்லை. கல் சுடுவதில் நான்தான் கெட்டிக்காரியாகிப் போனேன். மழைக்காலம் வருவதற்குள் அவர் காப்பி டம்ளரை வலது கையில் பிடித்தார்.

எப்போதோ சொல்லிவிட்டிருந்த டிவி மெக்கானிக் அதற்குப் பிறகுதான் வந்து சேர்ந்தார். அப்போது என் கணவர் புறக்கடையில் குளித்துக்கொண்டிருந்தார். மெக்கானிக் டிவியின் பின்மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "அந்த நாட்டுப் படத்தோட வேகம் வேறைங்கக்கா. உள்ளுக்குள்ள ஒரு திருகு இருக்குது, அதத் திருப்பி வெச்சுட்டா அசையாம நின்னுக்கும்" என்றார். நான் மெக்கானிக்கை வாசலுக்குக் கூட்டிப்போய், "உள்ள இருக்கற திருகத் தொட வேண்டாஞ் சாமி" என்றேன். பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார். கையின் கதையைச் சொன்னேன். உள்ளே வந்து மூடியைத் திரும்ப மாட்டினார். குளித்துவிட்டு வந்தவரிடம், "வெளிநாட்டுச் சாமானுங்க, இப்பிடித்தானுங்க இருக்கும். கையில புடிச்சுட்டே ஆடிக்குங்க" என்று முகம் மாறாமல் சொன்னார். காப்பி மட்டும் குடித்தார், காசு வாங்கவில்லை. அந்த மனிதர் நன்றாக இருக்க வேண்டும் என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

தை பிறந்ததும் ரிக்குக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். கிளம்பும் நாளன்று சட்டை பட்டனை அவரே போட்டுக்கொண்டார். மேலிருந்து கீழ்வரை, ஒன்று விடாமல். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"எதுக்கு புள்ள அழுகற? வேலைக்குத்தான போறேன்?"

"அதில்லீங்க. இனிப் படம் உருண்டா யாருங்க புடிப்பாங்க?" என்று சமாளித்தேன்.

பையைத் தோளில் போட்டுக்கொண்டே சொன்னார்: "அந்த மெக்கானிக்க வரச்சொல்லி உள்ள இருக்கற திருகத் திருப்பிக்க. அன்னைக்கு வாசல்ல நீங்க பேசுனது புறக்கடை வரைக்கும் கேட்டுது."