நாய்க்குட்டியின் வயது

யுத்தத்துக்கு முந்திய வருஷம். எனக்கு ஏழு வயது. மலைத்தோட்டத்துத் துரை பங்களாவில் ஓடு மாற்றப் போன அப்பா, திரும்பும்போது ஒரு நாய்க்குட்டியோடு வந்தார். துரைசாணி கொடுத்ததாம். முயல் அளவுதான் இருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. பொழுது முழுக்க நானும் அதுவும் ஒரு கந்தல் துணியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருப்போம். நான் கையால், அது வாயால்.

ஒருநாள் துணியோடு குட்டியின் பல் இரண்டும் வந்துவிட்டன. நான் போட்ட அலறலில் தெருவே கூடிவிட்டது.

பெரிய மாமா வந்தார். அவர் மாட்டுத் தரகர். பல்லைப் பார்த்தே காளையின் வயதைச் சொல்லிவிடுவார். எங்கள் சுற்றுப்பட்டில் அவர் பார்க்காமல் யாரும் மாடு பிடிக்கமாட்டார்கள். ஆனால் நாயின் வாயை எங்கள் பக்கம் அதுவரை யார் திறந்து பார்த்தது?

"கன்னுக்குப் பல்லு விழவே ரெண்டு வருசமாகும். இது குட்டி இல்ல மாப்ள, வளராத கெழடு. ஒம்ம தலையில கட்டிட்டாக. திருப்பிக் குடுத்துரும்" என்றார்.

அப்பா தலையாட்டினார். நான் குட்டியைக் கட்டிக்கொண்டு புரண்டு அழுதேன்.

"சரி ஆத்தா, டாக்டர் வாயாலயே கேட்டுக்க" என்று மாமா வண்டியைப் பூட்டினார்.

உத்தமபாளையத்து மாட்டு டாக்டர் முன்னால் மாடுகள் வரிசையாக நிற்க, நடுவில் என் குட்டி. டாக்டர் காதைப் பார்த்தார், வயிற்றை அமுக்கினார், உதட்டை விலக்கி ஈறைப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"ஆறு மாசம்கூட ஆகலை. விழுறது பால்பல். இந்தச் சாதி இவ்வளவுதான் வளரும்."

புதுக் கோரைப்பல் பக்கத்திலேயே பழையது ஆடிக்கொண்டு நின்றது. சின்ன நாய்களுக்கு இப்படி ஆவதுண்டு, விட்டால் புதுப்பல் கோணிவிடும் என்று சொல்லி, அதைக் குறட்டால் எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். தினமும் ஈரத்துணியால் பல் துடைத்துவிடச் சொன்னார். நான் குதித்த குதியில் ஒரு எருமை மிரண்டது.

வழியெல்லாம் எதிர்ப்பட்டவர்களிடம் பல்லைக் காட்டி, "மாமா சொன்னது தப்பு, டாக்டர் சொல்லிட்டாரு" என்று கூவிக்கொண்டே வந்தேன். மாமாவும் சிரித்துக்கொண்டுதான் வண்டி ஓட்டினார்.

எங்கள் வாசலில் ஒருவர், விலை பேசிவந்த காளையோடு, மாமா பல் பார்த்துச் சொல்வதற்காகக் காத்திருந்தார். அவரிடமும் மூச்சுவிடாமல் முழுக் கதையையும் ஒப்பித்தேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"இருக்கட்டும்ண்ணே, நானும் டாக்டர்ட்டயே ஒரு வார்த்த கேட்டுக்கிறேன்" என்று காளையை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

அன்று அம்மா மாமாவுக்கென்று கோழி அடித்திருந்தாள். அவர் என் தலையில் கைவைத்துவிட்டு, சாப்பிடாமலே வீட்டுக்குப் போனார். பசியில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, அவர் பங்கையும் சேர்த்து நானே சந்தோஷமாகச் சாப்பிட்டேன்.