திரும்பி வந்த ஈட்டிக்காரர்

ஊரில் அண்ணனும் தம்பியும் முகம் பாராமல் இருப்பது ஒன்றும் புதினமில்லை. வேலியை ஒரு முழம் தள்ளி அடைத்ததற்காகவும் எல்லையில் நின்ற பலாமரத்துக்காகவும் கதை பேச்சை விட்ட சகோதரர்களை எங்கள் தெருவிலேயே மூன்று வீடுகளில் காட்டலாம். என் அப்பாவும் பெரியப்பாவும் ஒன்றரை வருடம் கதையாமல் இருந்தார்கள். காரணத்தைத்தான் வெளியில் சொல்ல முடியவில்லை. இரண்டாயிரம் வருடங்களுக்கு முந்திய ரோமாபுரிப் படையில், ஈட்டியை எறிந்துவிட்டுத் தன் வரிசைக்குத் திரும்பி வருகிறவன் தோற்று ஓடியவனா இல்லையா என்பதுதான் அவர்களுடைய தகராறு. யாராவது துருவித் துருவிக் கேட்டால் அம்மா, "காணிப் பிரச்சினை" என்று சொல்லிக் குடும்ப மானத்தைக் காப்பாற்றுவார். எங்களுக்குக் காணியே இருக்கவில்லை. இருந்தது ஒரு வாடகை வீடு.

வெள்ளைக்காரக் கடற்படை திருகோணமலையில் இருந்த காலத்தில் அப்பாவும் பெரியப்பாவும் அதன் களஞ்சியத்தில் கிளாக்கர்களாக இருந்தார்கள். அங்கே ஒரு துரை இருந்தார். மற்றத் துரைமார் டெனிஸ் அடிக்கவும் குடிக்கவும் போகிற நேரத்தில் இவர் மேசையில் ஈய வீரர்களை அடுக்கிவைத்துக்கொண்டு எதிராளி தேடுவாராம். ஒருவரும் அகப்படாமல் கடைசியில் இரண்டு கிளாக்கர்களைப் பிடித்து உட்காரவைத்தார். தளத்தை ஒப்படைத்துவிட்டு எல்லோரும் கப்பலேறியபோது துரை அந்த ஈய வீரர்கள் இருந்த பெட்டியை இவர்களிடம் கொடுத்துவிட்டுப் போனார். கூட வேலை செய்தவர்களுக்கு அலுமாரியும் கதிரையும் சைக்கிளும் கிடைத்தன. எங்கள் குடும்பத்துக்கு வந்தது ரோமாபுரி. அம்மாவும் பெரியம்மாவும் இதை அந்தத் துரைக்குக் கடைசிவரை மன்னிக்கவில்லை.

பெட்டி பெரியப்பா வீட்டில் இருந்தது. இரண்டு தெரு தள்ளித்தான் அவர்கள் வீடு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் சாப்பாட்டு மேசையில் கடற்படைக் கம்பளியை விரித்து, அதற்குக் கீழே புத்தகங்களைச் சொருகி மலையாக்குவார்கள். பிறகு அடிமட்டத்தால் அளந்து படைகளை நகர்த்துவார்கள். சண்டையில் யார் விழுவது என்பதைத் தாயக்கட்டை போன்ற ஒரு கட்டையை உருட்டிப் பார்ப்பார்கள். அப்பா ரோமாபுரி. பெரியப்பா அதற்கு எதிராக வந்த ஆபிரிக்கப் படை. அவரிடம் இரண்டு யானைகள் இருந்தன, அவற்றில் ஒன்றுக்குத் தும்பிக்கை பாதிதான்.

ரோமாபுரிப் படையில் பெரும்பாலானவர்கள் பெரிய கேடயமும் வாளும் வைத்த பாரமான ஆட்கள். தோளோடு தோள் ஒட்டி நின்றால் அசைக்க முடியாது. ஆனால் ஒருபக்கம் திரும்பச் சொன்னால் பாரம் ஏற்றிய வண்டில் மாதிரித்தான் திரும்புவார்கள். ஈட்டிக்காரர் வேறு வகை. எட்டுப் பேர். சிறிய வட்டக் கேடயம், கையில் இரண்டு மூன்று ஈட்டி, தலையில் ஏதோ ஒரு மிருகத்தின் தோல். நின்று சண்டை பிடிப்பது அவர்கள் வேலையில்லை. முன்னே ஓடிப் போய் எறிய வேண்டும், எதிரி எட்டிப் பிடிக்குமுன் தங்கள் ஆட்களின் இடைவெளிக்குள்ளால் நழுவிப் பின்னுக்கு வர வேண்டும். பிறகு தேவைப்பட்டால் மலைக்குப் பின்னால் பதுங்கலாம், பக்கவாட்டில் போய்த் தொல்லை கொடுக்கலாம், யானையை வெருட்டலாம். அப்பாவுக்கு அவர்கள்மேல் தனிப் பிரியம். அவர்கள் எறிகிற எறியில் பெரியப்பாவின் யானைகள் திரும்பிப் போய் அவருடைய ஆட்களையே மிதிக்கும். ஞாயிறுக்கு ஞாயிறு இது நடந்தால் எந்த அண்ணனுக்குத்தான் பொறுக்கும்?

துரை தட்டச்சு செய்து கொடுத்த சட்டங்கள் நான்கு தாளில் இருந்தன. நான்காவது தாளைப் பெரியப்பா வீட்டு அலுமாரியில் கறையான் அரித்துவிட்டது. ஈட்டிக்காரரின் சட்டம் அந்தத் தாளில்தான் இருந்தது. அதற்குப் பிறகு ஒருநாள், எதிரிக்கு முதுகைக் காட்டியவன் தோற்றவன், அவனை மேசையிலிருந்து எடுக்க வேண்டும், அப்படித்தான் தாளில் இருந்தது என்றார் பெரியப்பா. திரும்பி வருவதுதான் அவர்களுடைய வேலை, வந்தவன் அடுத்தமுறையும் போகலாம், துரையும் அப்படித்தான் விளையாடியவர் என்றார் அப்பா. வார்த்தை தடித்தது. அப்பா ஈட்டிக்காரர் எட்டுப் பேரையும் பெட்டிக்குள் போட்டார். பெரியப்பா தன் யானைகளை எடுத்து அதற்கு மேலே போட்டார். அன்றோடு கதை பேச்சு நின்றது.

விளையாட்டு மட்டும் நிற்கவில்லை. ஏனென்றால் திருகோணமலை முழுவதிலும் அந்த விளையாட்டுத் தெரிந்தவர்கள் அவர்கள் இரண்டு பேர்தான். ஞாயிறு வந்தால் அப்பா போவார், பெரியப்பா கம்பளியை விரித்து வைத்திருப்பார். ஈட்டிக்காரரும் இல்லை, யானையும் இல்லை. பாரமான ஆட்கள் பாரமான ஆட்களுடன் முட்டி, நாம்பன் மாடுகள் மாதிரி மாலைவரை தள்ளிக்கொண்டு நிற்பார்கள். பார்க்கவே அலுப்பாக இருக்கும். ஆனால் எனக்கு அது பொற்காலம். எனக்கு அப்போது எட்டு வயது. இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு முக்காலியைப் போட்டு என்னை உட்காரவைத்திருந்தார்கள்.

"உன்ர கொப்பரிட்டைச் சொல்லு பிள்ளை, அது நாலங்குலம் இல்லை, நாலரை எண்டு" என்பார் பெரியப்பா. அப்பா மூன்றடி தூரத்தில் இருப்பார். நான் அப்பா பக்கம் திரும்பி, "அப்பா, அது நாலரையாம்" என்பேன். "அடிமட்டத்தைச் சரியா வைச்சுப் பாக்கச் சொல்லு" என்பார் அப்பா. நான் மற்றப்பக்கம் திரும்புவேன். நான் சொல்லி முடிக்கும்வரை இரண்டு பேரும் காது கேளாதவர்கள் மாதிரி இருப்பார்கள். நான் வாய் திறக்காமல் ரோமாபுரி ஒரு அங்குலமும் நகராது. பள்ளிக்கூடத்தில் கடைசி வாங்கில் இருந்த எனக்கு இப்படியொரு பதவி கிடைத்ததில் தலைகால் புரியவில்லை.

இந்த நிலைமையில் அக்காவுக்குக் கல்யாணம் பொருந்தியது. எனக்கும் அக்காவுக்கும் பதின்மூன்று வயது வித்தியாசம். மாப்பிள்ளை வீட்டார் மட்டக்களப்பு. அவர்கள் வந்து போன இரண்டு தடவையும், பெண்ணின் பெரியப்பா ஏன் வரவில்லை என்று கேட்டார்கள். முதல் தடவை காய்ச்சல் என்றார் அம்மா. இரண்டாம் தடவையும் காய்ச்சல் என்றபோது மாப்பிள்ளையின் தாய் அம்மாவை ஒரு மாதிரிப் பார்த்தார். மூத்தவரே ஒதுங்கி நிற்கிற வீட்டில் ஏதோ குறை இருக்கிறது என்று நினைக்கத்தானே செய்வார்கள்.

எங்கள் வழக்கத்தில் கல்யாணத்துக்குச் சொல்லப் போகும்போது முதல் வீடு மூத்தவர் வீடு. தாயும் தகப்பனும் வெற்றிலைத் தட்டத்துடன் நேரில் போய், வாயால் சொல்ல வேண்டும். ஆள் மூலம் சொல்லியனுப்புவது சொல்லாமல் விடுவதைவிட மோசம். அந்த வீட்டுக்குச் சொல்லாமல் அடுத்த வீட்டுப் படி ஏறவும் ஏலாது. அச்சடித்த அழைப்பிதழ்கள் அலுமாரிக்கு மேலே கட்டோடு இருந்தன. மூத்தவர் முதலில் கதைக்கட்டும் என்றார் அப்பா. இளையவன்தான் இறங்கி வர வேண்டும் என்று பெரியப்பா சொன்னதாகப் பெரியம்மா கிணற்றடியில் அம்மாவிடம் சொன்னார். அக்கா குசினிக்குள் தேங்காய் துருவிக்கொண்டே அழுவாள். கல்யாணம் குழம்பிவிடும் என்று அவளுக்குப் பயம். ஒருநாள் அப்பா தண்ணீர் குடிக்க வந்து அதைப் பார்த்தார். குடிக்காமலே திரும்பிப் போனார்.

அடுத்த ஞாயிறு அப்பா படையை அடுக்கினார். பிறகு பெட்டிக்குள் கையை விட்டு ஈட்டிக்காரரை ஒவ்வொருவராக எடுத்து, சட்டைத் தொங்கலால் துடைத்து, வரிசைக்கு முன்னால் வைத்தார். எனக்கு ஒன்றும் சொல்லத் தரவில்லை. பெரியப்பா பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு தானும் பெட்டிக்குள் கையை விட்டுத் தன் இரண்டு யானைகளையும் எடுத்து எதிரில் வைத்தார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. சட்டம் தீராமல் இவர்களை எப்படி விளையாடுவது?

யானைகள் முன்னே வந்தன. ஈட்டிக்காரர் எட்டுப் பேரும் ஓடிப் போய் எறிந்தார்கள். அப்பா அளந்து பார்த்து, அவர்களை இடைவெளிகளுக்குள்ளால் கவனமாகப் பின்னுக்குக் கொண்டுவந்து சேர்த்தார். பிறகு, அண்ணனின் சட்டப்படி, தானே அவர்களை மேசையிலிருந்து எடுக்கத் தொடங்கினார். ஒன்று. இரண்டு. மூன்றாவது வீரனைத் தூக்கியபோது பெரியப்பா அந்தக் கையைப் பிடித்தார்.

"ஏன்ரா எடுக்கிறாய்? வை அதை. அவங்கள் ஓடேல்லை."

நான் கடமை தவறாதவள். அப்பா பக்கம் திரும்பி, "அப்பா, அவங்கள் ஓடேல்லையாம், வைக்கட்டாம்" என்றேன். ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. அப்பா அந்த மூன்று பேரையும் திரும்ப வைத்தார். அடிமட்டத்தை மேசை ஓரத்தில் வைத்துவிட்டு, "புதன்கிழமை வீட்டில நிப்பீங்களோ அண்ணை? நானும் அவவும் வரவேணும்" என்றார். "ஓம், வாங்கோ" என்றார் பெரியப்பா. அதற்குப் பிறகு மாலைவரை அவர்கள் நேருக்கு நேர் கதைத்தார்கள். நடுவில் முக்காலியில் நான் இருந்தேன். கொஞ்ச நேரத்தில் பெரியம்மா வந்து, கறிவேப்பிலை ஆய அந்த முக்காலி வேண்டும் என்று எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். அக்கா என்னைத் தூக்கிச் சுற்றினாள். எனக்கு அழுகை வந்தது. என் பதவி போய்விட்டது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. திங்கள் முழுவதும் யோசித்தேன். செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் நேரே பெரியப்பா வீட்டுக்குப் போனேன். அவர் கந்தோரிலிருந்து வந்து முற்றத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்துச் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

"அப்பா சொன்னவர், உங்கட சட்டம் பிழையாம். தோக்கிறதுக்குப் பயந்துதான் நீங்கள் அப்பிடிச் சொன்னனீங்களாம்" என்றேன். எவ்வளவு பெரிய பொய். அடுத்த நாள் தட்டத்துடன் வரப்போகிறார்கள். அக்காவின் கல்யாணமே அந்த வீட்டுப் படியில் நிற்கிறது. இதை இப்போது எழுதும்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது. அன்றைக்குக் கூசவில்லை. முக்காலி திரும்பக் கிடைத்தால் போதும் என்றிருந்தது.

பெரியப்பா எண்ணெய்க் குப்பியை நிலத்தில் வைத்தார். கோபிப்பார் என்று காத்திருந்தேன். அவர் கோபிக்கவில்லை. பெடலைக் கையால் ஒருதரம் சுற்றிவிட்டு, அது நிற்கும்வரை சில்லையே பார்த்தார்.

"ஓம் பிள்ளை, பயந்துதான். துரை விளையாடேக்கை அவங்கள் திரும்பி வந்து நிண்டவங்கள், அந்தத் தாளிலயும் அப்பிடித்தான் இருந்தது. எனக்கு வடிவா ஞாபகம். கொப்பர் சொன்னதுதான் சரி, அண்ணைதான் பிழை விட்டவர் எண்டு சொல்லு." பிறகு, "நாளைக்குக் கொப்பரும் கொம்மாவும் வாறதுக்கு முதல் சொல்லிப்போடு, என்ன?" என்றார்.

நான் தலையாட்டிவிட்டு வெளிக்கிட்டேன். வழியெல்லாம் எரிச்சல். கோபமே இல்லாத இந்தச் செய்தியைக் கொண்டுபோய் என்ன செய்வது? இதைச் சொன்னால் இரண்டு பேரும் இன்னும் ஒட்டிக்கொள்வார்கள், நான் இன்னும் வெளியே போவேன். போதாததற்கு, அப்பா சொன்னதாக நான் சொன்ன பொய்யும் வெளியில் வரும். அதனால் சொல்லவில்லை. எங்கே போனாய் என்று அம்மா கேட்டபோது, கடற்கரைக்கு என்றேன்.

புதன்கிழமை அப்பாவும் அம்மாவும் தட்டத்துடன் போனார்கள். என்னையும் கூட்டிப்போனார்கள். அப்பா எழுந்து நின்று முறையாகக் கல்யாணத்தைச் சொன்னார். பெரியப்பா வெற்றிலையை எடுக்காமல் அப்பாவின் முகத்தைப் பார்த்தார்.

"வேறை ஒண்டும் சொல்ல இல்லையோ தம்பி?"

"வேறை என்ன அண்ணை, நீங்கள்தான் முன்னுக்கு நிண்டு நடத்தித் தரவேணும்."

பெரியப்பா என்னைப் பார்த்தார். நான் தட்டத்திலிருந்த பாக்குகளைப் பார்த்தேன். "சரி" என்று சொல்லிவிட்டு வெற்றிலையை எடுத்துக்கொண்டார்.

கல்யாணம் குறையில்லாமல் நடந்தது. பெரியப்பா முன்னால் நின்று மட்டக்களப்புக்காரரை வரவேற்றார். ஞாயிற்றுக்கிழமை விளையாட்டும் பல வருடங்கள் நடந்தது. ஈட்டிக்காரர் போனார்கள், வந்தார்கள். ஆனால் பெரியப்பா அதற்குப் பிறகு எந்தச் சட்டத்துக்கும் சண்டை பிடித்ததில்லை. அப்பா எதைச் சொன்னாலும், "நீ சொன்னாச் சரி" என்று விட்டுவிடுவார். "அண்ணை முந்தி மாதிரி இல்லை, சும்மா விட்டுக்குடுக்கிறார், விளையாட ருசியில்லை" என்று அப்பா வீட்டில் வந்து குறைப்படுவார். வயது போகுது என்பார் அம்மா. நானும் அப்படித்தான் நினைத்தேன். பிழையை ஒப்புக்கொண்டு என்னிடம் சொல்லியனுப்பிய அந்த மனிதர், தம்பி இன்னும் மன்னிக்கவில்லை என்று எண்ணிக்கொண்டு ஞாயிறுக்கு ஞாயிறு அந்த மேசையில் ஒரு பதிலுக்காகக் காத்திருந்தார் என்பது அப்போது எனக்கு விளங்கவில்லை.