அத்தைக்கு அடித்த சல்யூட்

நான் எட்டாம் வகுப்பு படிக்கும்போது எங்கள் பள்ளிக்குப் பட்டாள உடுப்பு வந்தது. எல்லோருக்கும் இல்லை; உயரம் பார்த்து, குரல் பார்த்துப் பொறுக்கி எடுத்த கொஞ்சம் பேருக்கு மட்டும். காக்கிச் சட்டை, காக்கி பேண்ட், ஒரு பக்கமாகச் சாய்ந்த தொப்பி, கழுத்திலிருந்து சட்டைப் பைக்குப் போகும் நீலக் கயிறு, கயிற்றின் நுனியில் விசில். தோளில் பட்டன் வைத்த இரண்டு பட்டைகள் வேறு. அவற்றுக்குள் நாங்கள் எதையும் மாட்டப்போவதில்லை என்றாலும் அடிக்கடி அவற்றைத்தான் தொட்டுப் பார்த்துக்கொள்வோம். இடுப்பில் முரட்டுத் துணி பெல்ட். இரண்டு பித்தளைத் துண்டுகளை ஒன்றுக்குள் ஒன்று செருகிப் பூட்ட வேண்டும். பூட்டுவதற்கு பி.டி. சார் பல நாள் பயிற்சி கொடுத்தார். அவசரத்தில் கழற்றுவது எப்படி என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

அந்த உடுப்பின் பூர்வீகத்தைப் பின்னாளில் நிறையத் தேடிப் படித்திருக்கிறேன். அவமானப்பட்டவர்களுக்கு இப்படி ஒரு வேண்டாத பழக்கம் வந்துவிடுகிறது. தோளில் இருக்கும் பட்டை, சிப்பாய்கள் சுமக்கும் பையின் வார் நழுவாமல் இருக்க வந்ததாம். ஜப்பானில் பள்ளிப் பையன்களுக்குச் சிப்பாயின் நிமிர்ந்து நிற்கும் காலர், பெண்பிள்ளைகளுக்குக் கப்பல்படைக்காரர்களின் அகலக் காலர். எத்தனையோ நாடுகளில் பட்டாளத்தின் அலமாரியைத் திறந்துதான் பிள்ளைகளுக்குத் துணி எடுத்திருக்கிறார்கள். நம் பக்கத்துக் காக்கியும் வெள்ளைக்காரன் பட்டாளத்தில் தொடங்கி, போலீஸ்காரர், தபால்காரர், பஸ் கண்டக்டர் என்று ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் எங்களிடம் வந்து சேர்ந்தது. அதைப் போட்டால் பிள்ளைகளுக்கு ஒழுக்கம் வரும் என்று எல்லா ஊர்ப் பெரியவர்களும் நம்பியிருக்கிறார்கள். எனக்கு வந்தது மிதப்பு.

எங்கள் ஊர் வல்லத்திராக்கோட்டையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. அப்போது ஊரில் யாரும் வெளியே ஒதுங்கக்கூடாது, வீட்டுக்கு வீடு கழிப்பறை கட்ட வேண்டும் என்று அதிகாரிகள் வந்து சொல்லிக்கொண்டிருந்த காலம். எங்கள் படைக்குக் கிடைத்த வேலையும் அதுதான். விடியும் முன் கண்மாய்க் கரைக்குப் போக வேண்டும். யாராவது உட்கார்ந்திருந்தால் விசில் ஊத வேண்டும். திட்டக்கூடாது, விரட்டக்கூடாது. வரிசையாக நின்று ஒரு சல்யூட் அடித்துவிட்டு வர வேண்டும். அந்த வெட்கத்திலேயே கழிப்பறை கட்டிவிடுவார்கள் என்பது பி.டி. சாருடைய கணக்கு. பெண்கள் ஒதுங்கும் பக்கம் பெண்பிள்ளைகள் மட்டும் இறங்குவோம். சாரும் பையன்களும் கரை மேலேயே நின்றுகொள்வார்கள். விசில் சத்தம் கேட்டதும் ஆம்பளைகள் வேட்டியை அள்ளிக்கொண்டு ஓடுவார்கள், பெண்கள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு ஓடுவார்கள். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் மட்டும் பழக்க தோஷத்தில் எழுந்து நின்று, ஒரு கையால் வேட்டியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் எங்களுக்குப் பதில் சல்யூட் அடித்தார். அதைச் சொல்லிச் சொல்லி நாங்கள் நெடுநாள் சிரித்தோம்.

படைக்கு நான்தான் தலைவி. காரணம் என் குரலும் உயரமும் மட்டுமில்லை. எங்கள் தெருவில் முதலில் கழிப்பறை கட்டியது எங்கள் வீடு. நீலக் கதவு, வெள்ளை ஓடு, கதவுக்கு முன்னால் அப்பா நிற்க அதிகாரிகள் படம்கூட எடுத்துக்கொண்டு போனார்கள். அவர்கள் வந்துபோன அதே வாரம் அப்பா விதைக்கடலை மூட்டைகளை அதற்குள் அடுக்கிவிட்டார். எலி புகாத அறை எங்கள் வீட்டில் அது ஒன்றுதான். அம்மாவும் நானும் எப்போதும்போல இருட்டோடு இருட்டாகக் கண்மாய்ப் பக்கம் போய்விட்டு வருவோம். அதன்பிறகு நான் குளித்து, காக்கி மாட்டி, அதே கண்மாய்க்கு விசிலோடு போவேன். இதில் எனக்கு எந்த உறுத்தலும் இருக்கவில்லை.

பக்கத்துத் தெருவில் அப்பாவுடைய தங்கை இருந்தார். என் அத்தை. ஊரிலேயே பெரிய வாய்க்காரி. பஸ்ஸில் இடம் பிடிக்க, ரேஷன் கடையில் சண்டை பிடிக்க எல்லோருக்கும் அத்தை வேண்டும். வேலை முடிந்ததும், அவளுக்குக் கூச்சநாச்சமே கிடையாது என்று எங்கள் வீட்டில் பேசிக்கொள்வார்கள். நானும் அதைக் கேட்டுத்தான் வளர்ந்தேன்.

ஒருநாள் கோயிலில் கிடா வெட்டு. மறுநாள் விடியற்காலை, படையோடு கரை மேல் நடந்துகொண்டிருந்தபோது என் வயிறு புரட்ட ஆரம்பித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் நடந்தேன். அதற்கு மேல் முடியவில்லை. தைலமரக் காட்டுப் பக்கம் பார்த்துவிட்டு வருகிறேன், நீங்கள் முன்னால் போங்கள் என்று சாரிடம் சொல்லிவிட்டு, கரையிலிருந்து இறங்கிப் பெண்கள் ஒதுங்கும் கருவேலம் புதருக்குள் ஓடினேன்.

பெல்ட் கழலவில்லை. பித்தளையை இப்படித் திருப்பினேன், அப்படித் திருப்பினேன். கை வியர்த்து வழுக்கியது. அந்த உடுப்பைக் கண்டுபிடித்த எந்த நாட்டுத் தளபதியும் வயிற்றுப்போக்கை நினைத்துப் பார்க்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அடுத்த புதரிலிருந்து அத்தையின் குரல் கேட்டது.

"யாரு, போலீஸா? ஏத்தா, நீயா? ஏன் அழுவுற? இங்கிட்டுத் திரும்பு."

தண்ணீர் கொண்டுவந்த பிளாஸ்டிக் மக்கைக் கீழே வைத்துவிட்டு வந்து, கொக்கியை ஒரு நெம்பு நெம்பிக் கழற்றிவிட்டார். நான் உட்கார்ந்தேன். அத்தை முந்தானையை விரித்து எனக்கு மறைப்பாக நின்றுகொண்டார்.

அந்த நேரம் பார்த்துக் கரையில் விசில் கேட்டது. படை திரும்பி வந்துவிட்டது. பெண்பிள்ளைகள் இறங்கி வரப்போகிறார்கள். நீலக் கதவு வீட்டுப் பெண், படைத் தலைவி, உடுப்போடு உட்கார்ந்திருப்பதைப் பார்க்கப்போகிறார்கள். இதைவிடச் செத்துப்போகலாம் என்று நினைத்தேன். அத்தையின் புடவையைப் பிடித்துக்கொண்டேன்.

"நீ எந்திரிக்காத. நான் மேல போறேன்" என்று சொல்லி அத்தை என் கையை எடுத்துவிட்டார்.

பெண்கள் யாரும் விசில் சத்தம் வரும் பக்கம் போகமாட்டார்கள். அத்தை போனார். மக்கைக் கையில் எடுத்துக்கொண்டு, சரிவில் ஏறி, சாரும் பையன்களும் நின்ற இடத்துக்கு நேராகப் போய் நின்றார். இறங்க வந்த பிள்ளைகள் அங்கேயே நின்றுவிட்டார்கள். முகத்தைக்கூட அவர் மூடிக்கொள்ளவில்லை.

நான் எழுந்து உடுப்பைச் சரிசெய்துகொண்டு, தைலமரங்களுக்குள் ஓடி, வேறு வழியாகக் கரையேறினேன். அந்தப் பக்கம் யாரும் இல்லை சார் என்றேன். மூச்சு வாங்கியது. சார் அத்தைக்கு அறிவுரை சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஒங்க அண்ணன் வீட்லயே கக்கூஸ் இருக்குல்லம்மா? ஒங்க வீட்ல கட்டுற வரைக்கும் அங்க போகலாம்ல?"

உள்ளே என்ன இருக்கிறது என்று அத்தைக்குத் தெரியும். மூட்டைகளைத் தூக்கி அடுக்க உதவியதே அவர்தான். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், எங்கள் குடும்ப மானம் கரையிலேயே கவிழ்ந்திருக்கும். வாய்க்காரி அத்தை என்னைப் பார்க்காமல், "இனிமே அங்க போறேங்க சார்" என்றார்.

சார் என் பக்கம் திரும்பினார். உத்தரவு கொடுக்க வேண்டியது தலைவி. நான் வரிசைக்கு முன்னால் வந்து, தொண்டை கிழிய "சல்யூட்" என்று கத்தினேன். எல்லோரும் அடித்தார்கள். நானும் அடித்தேன். அப்போது அத்தையின் கண் என் இடுப்புக்குப் போனது. பெல்ட் பூட்டாமல் தொங்கிக்கொண்டிருந்தது. யாருக்கும் தெரியாமல் அவர் தன் இடுப்பைத் தொட்டுக் காட்டினார். நான் கொக்கியைச் செருகிக்கொண்டேன். அதன்பிறகுதான் அவர் திரும்பி நடந்தார்.

எனக்கு முன்னால் செய்தி வீட்டுக்குப் போய்விட்டது. அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். எல்லோரும் ஓடி ஒளிவார்கள், இவள் ஏறிப்போய் ஆம்பளைகள் முன்னால் நின்றிருக்கிறாள் என்று அம்மா பொருமினார். "அவளுக்கு என்னைக்குத்தான் கூச்சம் இருந்துச்சு" என்றார். நான் சோற்றைப் பிசைந்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. கூச்சமே இல்லாதவருக்கு இதில் என்ன நஷ்டம்?

அத்தையின் மகன் எங்கள் பள்ளியில் ஆறாம் வகுப்பு. மதியம் அவனுக்குச் சாப்பாட்டு கேரியரோடு அத்தை வாசலில் வந்து நிற்பார், வாட்ச்மேனிடம் வம்பளப்பார். அன்றைக்கும் வந்தார். வாசலில் நின்ற பையன்கள் சிலர் அவரைப் பார்த்ததும் விறைப்பாக நின்று சல்யூட் அடித்துச் சிரித்தார்கள். அத்தை கேரியரைச் சுவரோரம் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் காலையில் அந்தக் கேரியர் எங்கள் வீட்டுக்கு வந்தது. அவன் கையில் கொடுத்தால் வழியிலேயே கொட்டிவிடுவானாம், பள்ளிக்குப் போகும்போது நான் எடுத்துக்கொண்டு போக வேண்டுமாம். அந்த வருடம் முழுக்க அப்படித்தான் நடந்தது. காக்கி போடும் நாட்களில் எனக்கு எரிச்சலாக வரும். இவ்வளவு விறைப்பாக இஸ்திரி போட்ட உடுப்பில், கையில் சாம்பார் வழியும் கேரியரோடு போனால் யார் மதிப்பார்கள் என்று அம்மாவிடம் சண்டை போடுவேன். நாலு எட்டு நடந்து வந்து கொடுக்க அத்தைக்கு அவ்வளவு சோம்பல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.