எனக்கு முன்னே புறப்பட்ட பை

காலை ஆறேகால் மணிக்கு அரிமளத்தில் அறந்தாங்கி பஸ் ஏறியபோது என் கையில் ஒரு சோற்றுத் தூக்கு மட்டும் இருந்தது. வெளிநாடு போகிறவனின் கோலம் அல்ல அது. அன்றைக்கு நான் இலங்கைக்குப் போகவில்லை. இலங்கைக்குப் போக வேண்டிய என் பையைத் தேடிப் போனேன்.

இது 1956-இல் நடந்தது. எங்கள் பக்கத்திலிருந்து இலங்கைக்குப் போகிறவர்கள் கடைவேலைக்குத்தான் போவார்கள். தோளில் ஒரு பையை மாட்டிக்கொண்டு, தங்க இடம்கூடப் பேசி வைக்காமல், கண்டியையும் நுவரெலியாவையும் கால்போன போக்கில் பார்த்துவிட்டு வரப்போகிறேன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன் நான் ஒருவன்தான். நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியர் எந்தக் கடையில் வேலை என்று மூன்று முறை கேட்டார். ஊராருக்கு என் மேல் பெரிய நம்பிக்கை கிடையாது. அதற்குக் காரணம் உண்டு. காசிக்கு என்று கிளம்பி, புழுக்கம் தாங்கவில்லை என்று புதுக்கோட்டை ரயிலடியிலிருந்து திரும்பியிருக்கிறேன். பம்பாய்க்கு என்று கிளம்பி, திருச்சியில் தலைவலி வந்து திரும்பியிருக்கிறேன். வீட்டில் இருந்தாலோ இருப்புக் கொள்ளாது. கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருப்பேன்.

பை எப்படிப் போயிற்று என்று சொல்ல வேண்டும். நல்ல நாள் ஒன்றில் பையை அடுத்த தெருவில் ஒரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால், பயணம் தொடங்கிவிட்டதாக எங்கள் ஊர்க் கணக்கு. ஆள் பிறகு சாவகாசமாகக் கிளம்பலாம். பை மட்டும் வீட்டுக்குத் திரும்பி வரக்கூடாது. என் மனைவி சிவகாமி நாள் பார்த்து, பாஸ்போர்ட்டையும் பணத்தையும் உள்ளே வைத்துக் கட்டி, செல்லம்மா அக்கா வீட்டில் கொண்டுபோய் வைத்தாள். எனக்கு லீவு உத்தரவு வரப் பன்னிரண்டு நாள் ஆயிற்று. விசாப்படி அக்கரையில் இறங்க இன்னும் மூன்றே நாள் இருந்தது. பையை வாங்கப் போனால் செல்லம்மா அக்கா என் முகத்தைப் பார்க்காமல் முறத்தைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

“பை இங்கிட்டு இல்லையே தம்பி. ஒரே எடத்துல கெடந்தா பயணம் தேங்கிப் போயிரும்னு, அறந்தாங்கிக்கு எந்தங்கச்சிகிட்டக் குடுத்துவிட்டேன்.”

கோபத்தோடு வீட்டுக்குத் திரும்பினேன். சிவகாமியோ நிதானமாக இருந்தாள். விடிவதற்குள் புளிச்சோறு கட்டிக் கொடுத்தாள். ஒருவன் ஒருவேளைக்குத் தின்கிற அளவு அல்ல அது. புதுச் செருப்பை வேறு எடுத்து வைத்தாள். பையை வாங்கி வரப் புதுச் செருப்பு எதற்கு என்று கேட்டேன். பழையதில் வார் அறுந்திருக்கிறது என்றாள். பொழுது சாய வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

பன்னிரண்டணா டிக்கெட். எட்டு மணிக்கு முன்னால் அறந்தாங்கி. செல்லம்மா அக்காவின் தங்கை மோர் கொடுத்து உபசரித்தார். பையை மட்டும் கொடுக்கவில்லை. அவர் கணவர் கருவாட்டு வியாபாரி. கொள்முதலுக்குக் கோட்டைப்பட்டினம் போனவர் பையையும் கொண்டுபோய் அங்கே மண்டிக்காரர் வீட்டில் வைத்துவிட்டாராம். கப்பல் ஏறுகிற தனுஷ்கோடிக்குப் போகிற வழிதானே, பை முன்னாலேதானே போகிறது என்று எனக்கே சமாதானம் சொன்னார்.

மணமேல்குடி பஸ் ஒன்பதரைக்கு என்றார்கள். பத்தரை ஆகியும் வரவில்லை. நான் பஸ் நிற்கும் இடத்தில் மேற்கும் கிழக்குமாக நடந்தேன். மீன்கூடையோடு உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள், “ஒக்காருங்க. நீங்க நடந்தா பஸ் வந்துருமா?” என்றார். உட்கார்ந்தேன். இரண்டு நிமிடத்தில் மறுபடி எழுந்துவிட்டேன்.

மணமேல்குடியில் வண்டி மாறி, தெற்கே ஏழெட்டு மைல். இடப்பக்கம் பனைகளுக்கு நடுவே கடல் தெரிந்து தெரிந்து மறைந்தது. அப்போதுதான் ஒன்று எனக்குப் புரிந்தது. பை கிடைக்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொள்ளவில்லை. அது தொலைந்து போயிருக்க வேண்டும் என்று காலையிலிருந்து ஆசைப்பட்டுக்கொண்டிருந்தேன். பாஸ்போர்ட் போயிற்று, நான் என்ன செய்ய என்று ஊரில் சொல்லிக்கொள்ளலாம். இந்த முறை தலைவலிகூடத் தேவையில்லை. எனக்கே என்மேல் வெட்கமாக இருந்தது.

பகல் ஒன்றேகால். கோட்டைப்பட்டினத்தில் கருவாட்டு மண்டி வைத்திருந்த மரைக்காயர் வீட்டைக் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. முன்கூடத்தில் ஆளுயரத்துக்கு மேலே ஓர் ஆணியில் என் பை தொங்கியது. கட்டுக்கூட அவிழவில்லை.

“எங்கள்ல இந்தப் பழக்கம் கெடையாது தம்பி. ஆனா ஒருத்தரோட பயணத்தைத் தரையில வைக்க மனசு வரல” என்றார் மரைக்காயர். சாப்பிடச் சொன்னார். சாப்பிட்டதும், இன்றே ஊருக்குப் போய்ச் சொல்லிக்கொண்டு நாளைக்குப் புறப்படலாம் என்று இழுத்தேன். அவர் சிரித்துவிட்டார்.

“அப்படித்தான் சொல்லுவீங்கன்னு ஒங்க வீட்டம்மா சொல்லிவிட்டிருக்காக. பைய யாருகிட்டயும் திருப்பிக் குடுத்துவிட்றாதீக, அவுகளே வந்து எடுத்துக்கிட்டு அங்கிட்டே போகட்டும், ஊருக்குத் திரும்பி வந்தா பயணம் நின்னுபோகும்னு. மூணு மணிக்கு நம்ம லாரி தொண்டிக்குப் போகுது.”

செல்லம்மா அக்கா முறத்தைப் பார்த்துப் பேசியதும், புதுச் செருப்பும், இரண்டு வேளைச் சோறும் அப்போதுதான் ஒன்றுசேர்ந்தன. கோபம் வந்தது. அந்தக் கோபத்துக்குள்ளேயே அழுகையும் வந்தது. என்னை நான் அறிந்ததைவிட அவள் நன்றாக அறிந்திருந்தாள். பையை அவிழ்த்துப் பார்த்தேன். பாஸ்போர்ட்டுக்கு மேலே ஐந்து தபால் கார்டுகள். ஐந்திலும் அரிமளம் முகவரி அவள் கையெழுத்தில் இருந்தது. மறுபக்கம் வெறுமையாக இருந்தது.

லாரியில் டிரைவருக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது. தொண்டியில் இறங்கி, ராமநாதபுரத்துக்கு பஸ் பிடித்து, அங்கிருந்து ரயிலில் தனுஷ்கோடி போய்ச் சேர்ந்தேன். எந்த ஊரிலும் தலை வலிக்கவில்லை. வலித்திருந்தாலும் சொல்ல ஆள் இல்லை.

முதல் கார்டைத் தனுஷ்கோடியில் எழுதினேன். பொழுது சாய வருகிறேன் என்று சொன்னது தவறிவிட்டது, பங்குனிக்குள் வருகிறேன் என்று எழுதினேன். அதற்கு மேல் எழுத எதுவும் தோன்றவில்லை.

கப்பல் கிளம்பியது. தலைமன்னாருக்குக் கடல்வழி இருபத்திரண்டு மைல் என்றார்கள். மேல்தளத்தில் எங்கள் கூடத்தைப்போல் நாலு மடங்கு இடம் நடப்பதற்குக் காலியாகக் கிடந்தது. பையை மடியில் வைத்துக்கொண்டு, அக்கரை வரை நான் உட்கார்ந்தே போனேன்.