டேப் ஒட்டிய சுவிட்ச்

என் மனைவி மேரியின் விரல்கள் ஒருநாள் போயிருக்கும். அதற்குக் காரணம் நான்தான்.

போர்ட் பிளேருக்கு அருகே பெரார்கஞ்சில் எங்கள் வீட்டுச் செம்பருத்தி வேலியை வெட்ட மின்சார டிரிம்மர் வாங்க நினைத்தோம். "லேசானதா பாருங்க, நானும் பிடிக்கணும்" என்றாள் மேரி. நான் நீளமான பிளேடுக்கு ஆசைப்பட்டு, கனமானதை மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வரவழைத்தேன். திருப்பி அனுப்ப வழியில்லை. தவறை ஒப்புக்கொள்ளவும் மனமில்லை. இரண்டு கைகளாலும் சுவிட்சுகளை அழுத்தினால்தான் அது ஓடும். அதன் கனத்தில் என் இடது கை வலித்ததால், ஒரு சுவிட்சை அழுத்தியபடியே டேப் ஒட்டிவிட்டேன். அவளிடம் சொல்லவில்லை.

ஒருநாள் மேரி வேலி வெட்டினாள். பிளேடின் முன்னால் தொங்கிய கிளையை விலக்க இடது கையை எடுத்து நீட்டினாள். கையை எடுத்ததும் நின்றுவிடும் என்று நம்பினாள். நிற்கவில்லை. நான் ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கினேன். கையுறையின் நுனி மட்டும் அறுந்திருந்தது.

"மெஷின் கெட்டுப்போச்சு போல" என்றாள்.

"கெடல மேரி. நான்தான் டேப் ஒட்டினேன்."

அறுந்த கையுறையைக் கழற்றியபடியே கேட்டாள்: "கனமா இருக்குன்னு சொன்னா உங்க மானம் போயிருக்குமா?"

பிறகு போர்ட் பிளேர் கடையில் அவளையே தூக்கிப் பார்க்கச் சொல்லி, லேசான பேட்டரி டிரிம்மர் வாங்கினேன். இப்போது ஒவ்வொரு முறையும் இரண்டு சுவிட்சுகளையும் சோதித்த பிறகே அவளிடம் கொடுக்கிறேன். அவள் வாங்கி, மறுபடியும் தானே சோதித்துப் பார்க்கிறாள்.